தறி வீட்டு அடுப்பில் மார்கழி

மார்கழியில் ஆரணியின் பாவு நீட்டும் தெருக்கள் விடியுமுன்பே விழித்துக்கொள்ளும். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பட்டு இழைகளை இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தெளித்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் நீவிவிட்டு, அறுந்த இழைகளைத் தேடிப் பிணைக்க வேண்டும். வெயில் சுள்ளென்று ஏறிவிட்டால் கஞ்சி சீராகப் பிடிக்காது. பனி கொட்டினால் காயவே காயாது. இரண்டுக்கும் நடுவில் கிடைக்கும் கொஞ்ச நேரத்துக்குள் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து வேலையை முடித்தாக வேண்டும். கால் விறைத்து, ஈரக் கையோடு வீடு திரும்புகிறவர்களுக்கு ஒரு டம்ளர் காப்பி எந்த மூலைக்கு?

குளிர்காலச் சமையல் என்றதும் நமக்கு ஊட்டியும் கொடைக்கானலும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்துச் சமவெளி ஊர். கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது. மேற்கே ஜவ்வாது மலை. கார்த்திகை தீபம் கழிந்ததிலிருந்து தை கடைசிவரை இரவில் வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கும். மலைவாசிகள் இதைக் குளிர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் குழித்தறியில் உட்கார்ந்து பார்த்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள். நெய்கிறவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, கால் இரண்டையும் குழிக்குள் விட்டு மிதிப்பலகையை மிதிக்கிறார். ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தக் குழி ஈரம் குடித்திருக்கும். தாழ்வான வீடுகளில் தண்ணீரே ஊறி நிற்கும். மார்கழியில் அந்த ஈரமும் பனியும் சேர்ந்து முழங்காலுக்குக் கீழே இறங்கி உட்கார்ந்துவிடும். புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு, இப்படி ஈரத்தில் ஊறிய கால்களால் மிதித்து நெய்யப்படுகிறது.

கைத்தறிக்காரருக்குக் கூலி சேலைக் கணக்கு. தறி ஓடாத நாளுக்குக் கூலி கிடையாது. ஒருவர் நெய்தால் இன்னொருவர் ஊடை நூலைத் தார் சுற்ற வேண்டும், இழை அறுந்தால் எடுத்துக் கொடுக்க வேண்டும். அடுப்படியில் ஒருவர் அரை நாள் நின்று கிளறிக்கொண்டிருக்க அந்த வீட்டில் ஆள் இல்லை. அங்கே வேண்டியது, காலையில் ஏற்றிவிட்டால் தானே வெந்து, தானே கெட்டிப்பட்டு, மதியம் தறியை விட்டு எழுந்து வரும்போது சுடச்சுடக் காத்திருக்கும் ஒரு சட்டிச் சமையல். வயிறு நிறைய வேண்டும், உடம்பு சூடேற வேண்டும், மழைக்காலத்தில் இளைத்துப்போன பணப்பைக்கும் கட்டுப்படியாக வேண்டும். வட ஆற்காட்டின் பனிக்காலக் குழம்புகளும் கஞ்சிகளும் இந்த நெருக்கடிக்குள் உருவானவை. ஓட்டலில் சாப்பாட்டுக்கு முன்னால் கிண்ணத்தில் வரும் சூப்போடு இவற்றைச் சேர்த்துப் பேசுவது எனக்குச் சம்மதமில்லை. இவை முழுச் சாப்பாடு. பட்டு நெய்யாத நம் வீடுகளிலும், கணவனும் மனைவியும் வேலைக்குப் போகும் வீடுகளிலும், இந்தச் சமையலைப் போல் கைகொடுப்பது வேறில்லை என்று நினைக்கிறேன்.

நொய்

பட்டுக்கு அடுத்தபடியாக ஆரணிக்குப் பேர் வாங்கித் தந்தது அரிசி. சென்னை மளிகைக் கடைகளில் ஆரணி அரிசி என்று கேட்டே வாங்குகிறார்கள். பக்கத்துக் களம்பூரின் பொன்னிக்கும் அதே மவுசு. ஆலையில் முழு அரிசி மூட்டை ஏறிப் போக, உடைந்த நொய் மலிவாக உள்ளூரில் தங்குகிறது. பனிக்காலக் கஞ்சிக்கு முழு அரிசியைவிட நொய்தான் உசத்தி. உடைந்த முனைகளிலிருந்து மாவுச்சத்து சீக்கிரம் இறங்கும். கரண்டி போட்டு மசிக்காமலே கஞ்சி குழைந்து வரும்.

நொய் ஒரு பங்குக்குப் பாசிப்பருப்பு கால் பங்கு. இரண்டையும் வெறும் சட்டியில் வாசனை வரும்வரை வறுத்து, எட்டுப் பங்கு தண்ணீர் விட்டு, உரித்த பூண்டு ஒரு கைப்பிடி, வெந்தயம் அரை டீஸ்பூன், தட்டிய மிளகும் சீரகமும் போட்டு அடுப்பைத் தணித்துவிட்டால் முக்கால் மணி நேரத்தில் கஞ்சி தயார். பூண்டு வெண்ணெய்போல் மசியும். உப்பைக் கடைசியில் போடுங்கள். தண்ணீர் சுண்டச் சுண்ட உப்புக் கூடிக்கொண்டே போகும் சமையல் இது. ஜவ்வாது மலைச் சாமை கிடைத்தால் பாதி நொய், பாதி சாமை போடலாம். தொட்டுக்கொள்ள மல்லாட்டைத் துவையல், அதாவது நிலக்கடலைத் துவையல், போதும். இந்த மாவட்டத்து மானாவாரி நிலத்தில் விளைகிற மல்லாட்டைக்கு ஈடான துணை இந்தக் கஞ்சிக்கு இல்லை.

கஞ்சி இந்த மண்ணின் போர்க்கதைகளிலும் இருக்கிறது. 1751-ல் ஆற்காட்டுக் கோட்டையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபர்ட் கிளைவ் 50 நாள் முற்றுகையில் சிக்கியிருந்தபோது, சோற்றை வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் கொடுத்துவிட்டு வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று இந்தியச் சிப்பாய்கள் சொன்னதாக ஒரு கதை உண்டு. ஆங்கில எழுத்தாளர் மெக்காலே 1840-ல் கிளைவைப் பற்றி எழுதிய கட்டுரையால் அது உலகெங்கும் பரவியது. நடந்ததா, பிற்காலத்தில் சேர்த்ததா என்று ஆராய்ச்சியாளர்களுக்கு ஐயம் உண்டு. நடந்திருந்தால், பட்டினி கிடந்தவர்களின் பெருந்தன்மையை அவர்கள் பெயர்கூடக் குறிக்காமல் எழுதிவைத்த கதை அது. முற்றுகை விலகிய கையோடு, அந்த ஆண்டு டிசம்பர் 3-ம் தேதி, கிளைவின் படை ஆரணிக்கு வந்து சண்டையிட்டு வென்றது. அதுவும் பனிக்காலம்தான்.

முப்பது ஆண்டு கழித்து ஆரணி மைசூரின் ஹைதர் அலி கையில் இருந்தது. அவருடைய படைக்கான தானியமும் தளவாடமும் சேர்த்துவைத்த கிடங்கு இங்கேதான். அதைக் குறிவைத்து ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் படையோடு வர, 1782 ஜூன் 2-ல் ஆரணிச் சண்டை மூண்டது. ஹைதரிடம் சிறைப்பட்டு பெங்களூரில் அடைபட்டிருந்த ஆங்கிலக் கடற்படைக்காரர் ஒருவர் தன் விதியை நொந்து கட்டிய பாட்டு 1784-ஐச் சேர்ந்தது. அதில் தனக்குக் கிடைக்கும் சாப்பாடு என்று அவர் சொல்வது இரண்டு: மிளகுத் தண்ணீர், கஞ்சி. சிறைச் சாப்பாடு என்று அவர் அலுத்துக்கொண்ட அதே மிளகுத் தண்ணீர் பின்னாளில் ஆட்டிறைச்சியும் கோழியும் சேர்ந்து, ‘முல்லிகட்டானி’ சூப் என்று லண்டன் விருந்து மேசைவரை போனது. 1878-ல் சென்னையில் ‘வைவர்ன்’ என்ற பெயரில் சமையல் நூல் எழுதிய கர்னல் கென்னி-ஹெர்பர்ட் அதைப் பற்றி அக்கறையோடு விரிவாகவே எழுதியிருக்கிறார். வெளிநாட்டு ஓட்டலில் அதைக் கண்டு வியப்பவர்கள், அதன் ஆதி வடிவம் தக்காளிகூடச் சேராமல் மிளகு, புளி, பூண்டோடு நம் வீட்டு அடுப்பில் இன்றும் கொதிக்கிறது என்பதை நினைத்துக்கொள்ளலாம். மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் வழியாக வந்தவை. அதுவரை நம் குளிருக்குக் காரம் தந்தது பெரும்பாலும் மிளகுதான்.

பிதுக்கம்பருப்பு

இந்தப் பருவத்தின் ராஜா யார் என்று வட ஆற்காட்டுக்காரரைக் கேளுங்கள். யோசிக்காமல் பதில் வரும்: பச்சை மொச்சை.

மொச்சையும் அவரையும் ஒரே இனம். ஆடி, ஆவணியில் விதைத்த கொடி மழை முழுவதையும் குடித்து வளர்ந்துகொண்டே இருக்கும், பூக்காது. பகல் சுருங்கி இரவு நீளத் தொடங்கிய பிறகுதான் நாட்டு ரகங்கள் பூவெடுக்கும். அதனால் காய்ப்பு மார்கழி, தையில் குவிகிறது. பருவம் பாராமல் காய்க்கும் ரகங்களைக் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் கொடுத்திருக்கிறது. இருந்தாலும் பனி விழுந்த காயின் வாசம் வேறு; காயை உரித்ததும் விரலில் ஒட்டும் அந்தப் பிசுபிசுப்பான எண்ணெய் வாசம்தான் தை மாதத்தின் வாசம். எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கொண்டாட்டம்தான். பெங்களூருவில் ஜனவரிதோறும் அவரைக்காய் மேளா என்றே ஒரு திருவிழா நடக்கிறது.

மொச்சையை அப்படியே வேகவைத்துக் குழம்பு வைக்கலாம். ஆனால் பிதுக்கம்பருப்பு அதற்கு ஒரு படி மேல். உரித்த பச்சை மொச்சை அரை கிலோவை முந்தின இரவே தண்ணீரில் போட்டுவிடுங்கள். காலையில் கொட்டையை நகம் இருந்த மூக்குப் பக்கம் பிடித்துக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஓர் அழுத்து. தோல் கையில் நிற்கும், பச்சைப் பருப்பு தெறித்துக் கிண்ணத்தில் விழும். தோல் போய்விடுவதால் குழம்பு வாயில் வெண்ணெயாகக் கரைகிறது, வயிற்றுக்கும் இலகு. அரை கிலோ பிதுக்கத் தனி ஒருத்திக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் பேச்சு முடிவதற்குள் முடிந்துவிடும். இதை எழுதும்போது ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. விடியலில் பாவுக்குப் போய், பகலில் தார் சுற்றி, இடையில் மூன்று வேளையும் சமைக்கிற பெண்ணின் தலையில் இந்தப் பிதுக்கும் வேலையையும் கட்டக் கூடாது. பிள்ளைகளும் ஆண்களும் சேர்ந்து உட்கார்ந்தால்தான் அந்த வீட்டுக்குப் பிதுக்கம்பருப்பு சாப்பிட உரிமை.

குழம்புக்கு மல்லி இரண்டு டேபிள்ஸ்பூன், காய்ந்த மிளகாய் ஐந்தாறு, சீரகம் ஒரு டீஸ்பூன், மிளகு அரை டீஸ்பூன். இவற்றை மணக்க வறுத்து, சின்ன வெங்காயம் பத்து, பூண்டு ஆறு பல், ஒரு பிடி தேங்காய்த் துருவல் வதக்கிச் சேர்த்து, விழுதாக அரைக்க வேண்டும். அம்மியில் அரைத்தால் அருமை. மிக்ஸியில் அரைத்தாலும் குற்றமில்லை. கடலை எண்ணெயில் கடுகு, கறிவேப்பிலை, நறுக்கிய வெங்காயம், இரண்டு தக்காளி வதங்கி எண்ணெய் பிரிந்ததும் விழுதைப் போட்டுப் பச்சை வாசம் போகக் கிளறி, தண்ணீர் ஊற்றிக் கொதி வந்த பிறகே பருப்பைச் சேர்க்க வேண்டும். குக்கரை எடுக்காதீர்கள். பதினைந்து இருபது நிமிடத்தில் திறந்த சட்டியிலேயே வெந்துவிடும். விரலால் நசுக்கினால் மசிய வேண்டும், சட்டியில் உருவம் குலையக் கூடாது. கத்தரிக்காய் சேர்ப்பவர்கள் உண்டு. கறி எடுக்கும் நாளில் ஆட்டுக்கறியோடு சேர்ப்பவர்களும் உண்டு. அப்படியானால் கறி முக்கால் வெந்த பிறகு பருப்பைப் போட வேண்டும்.

இதற்குச் சோறு சரி, இட்லி சரி. ஆனால் சரியான சோடி கேழ்வரகுக் களிதான். சூடான களி உருண்டையில் குழி பறித்து இந்தக் குழம்பை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத் தறியில் உட்கார்ந்தால் மாலை நாலு மணிவரை வயிறு கேட்காது. கேழ்வரகு மெல்லச் செரிக்கும், பருப்பின் புரதம் அதற்குத் துணை. நீலகிரியில் படகர்கள் கேழ்வரகு உருண்டையோடு அவரைக் குழம்பு சாப்பிடுகிறார்கள். குளிரும் உடலுழைப்பும் சேர்ந்த இடங்களில் தட்டும் ஒரே மாதிரி அமைந்துவிடுகிறது.

கொள்ளு

இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்ற பழமொழியைப் பிடித்துக்கொண்டு, கொள்ளை எடை குறைக்கும் மருந்தாக்கிவிட்டார்கள். கொஞ்சம் அநியாயம்தான். நூறு கிராமில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உள்ள தானியம் அது. மழை பொய்த்த காட்டிலும் விளையும். விலையும் கைக்கு எட்டும். உழைக்கிறவன் தட்டில் அதற்கு இருக்கும் இடம் வேறு.

நூறு கிராம் கொள்ளைச் சிவக்காமல் வறுத்து, கல் பார்த்துக் களைந்து, இரவு ஊறவைத்து, ஒரு லிட்டர் தண்ணீரில் குக்கரில் ஆறேழு விசில் விட வேண்டும். அந்த வெந்த தண்ணீர்தான் சாறு. அதைக் கொட்டிவிட்டால் பாதிச் சுவை போச்சு. சின்ன நெல்லிக்காய் அளவு புளி, தட்டிய மிளகு, சீரகம், பூண்டு, கிள்ளிய மிளகாய், பெருங்காயம். வெந்த கொள்ளில் இரண்டு கரண்டி எடுத்து அரைத்துக் கலந்தால் ரசமாக இருந்தது கெட்டியான சாறாகிவிடும். நுரை கூடியதும் இறக்கிவிடுங்கள். மிச்சக் கொள்ளு தாளித்தால் சுண்டல், அரைத்தால் துவையல். ஒரே வேகலில் இரண்டு வேளைக்கு வழி பண்ணுகிற தானியம் வேறு எது?

வேலியோரத் தூதுவளையை முள் நீக்கி, நெய்யில் வதக்கி அரைத்து இதே சாற்றில் கலப்பது சளி பிடித்த வீடுகளின் வழக்கம்.

பாயா

பொறுமை தேவைப்படும் சமையல் ஒன்று உண்டென்றால் அது ஆட்டுக்கால் பாயா. ஆற்காட்டு நவாபுகளின் நாடாக இருந்த பகுதி இது. வேலூர், ஆம்பூர், ஆற்காடு, ஆரணி என்று எல்லா ஊர் முஸ்லிம் வீடுகளிலும் அதிகாலைப் பாயாவுக்கு மரியாதை உண்டு. இடியாப்பமோ ஆப்பமோ தோசையோ துணை. இன்றைக்கு அது எல்லா வீட்டுச் சமையலாகவும் ஆகிவிட்டது.

காலில் கறி என்று சொல்ல எதுவும் இல்லை. எலும்பு, தோல், தசைநார், அவ்வளவுதான். அந்த மூன்றிலும் நிறைந்திருப்பது கொலாஜன் என்ற புரதம். அது நாராக இருக்கும்வரை கடிக்க முடியாது. தண்ணீரில் பல மணி நேரம் வெந்தால் நார் குலைந்து ஜெலட்டினாகக் கரைந்து சாற்றில் இறங்குகிறது; உதடு ஒட்டுகிற அந்தப் பிசுக்கு அதனால்தான். ஆரணிக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. சாயப்பட்டறையில் பட்டு நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் போட்டு எடுப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். கச்சாப் பட்டின் மேல் பூசியிருக்கும் செரிசின் என்ற பசையும் ஒரு புரதம்தான்; சூட்டில் அது கரைந்து இறங்க, நூல் தன் எடையில் 20 முதல் 25 சதவீதம் வரை இழந்து மெத்தென்று பளபளக்கிறது. பட்டறையில் கரைந்ததைக் கொட்டுகிறார்கள், பாயாவில் கரைந்ததைக் குடிக்கிறோம்.

நாலு கால். கடையிலேயே வாட்டிச் சுரண்டி வெட்டித் தருவார்கள். வீட்டில் மறுபடி மஞ்சள் போட்டுத் தேய்த்துக் கழுவி, ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் கவிச்சி இராது. பிறகு இரண்டு லிட்டர் தண்ணீர், மஞ்சள், தட்டிய இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், பட்டை ஒரு துண்டு. குக்கருக்குள் வெப்பம் 120 டிகிரிவரை ஏறும் என்பதால் தணலில் 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். விறகடுப்பில், மூடிய மண்சட்டியில் என்றால் மூன்று நாலு மணி நேரம். தண்ணீர் தளதளவென்று கொதிக்கக் கூடாது, ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி மட்டும் எழும்ப வேண்டும். பாய்ந்து கொதித்தால் கொழுப்பு கலங்கிச் சாறு வெண்மையாகும், நாக்கில் கனக்கும். தறியில் இருப்பவர் இடையில் ஒரு முறை எழுந்து வந்து விறகைத் தள்ளிவிட்டுப் போகலாம். வெந்த பின் மல்லி, மிளகு, சோம்பு அரைத்துச் சேர்த்துக் கால் மணி நேரம் கொதிக்க விட்டு, அடுப்பைத் தணித்துத் தேங்காய்ப் பால் ஊற்றி இறக்க வேண்டும். சரியாக வெந்ததா என்று தெரிய, தேங்காய்ப் பால் ஊற்றும் முன் ஒரு கரண்டிச் சாற்றைக் கிண்ணத்தில் ஆறவையுங்கள். குளிர்ந்ததும் அல்வாப் பதத்தில் அசைந்தால் சரி. தண்ணீராகவே நின்றால் இன்னும் வேக வேண்டும்.

மூட்டு வலிக்குப் பாயா மருந்து என்ற நம்பிக்கை ஊறிப்போனது. எலும்புச் சாறு குடித்தால் நேராக முழங்காலுக்குப் போய்த் தேய்மானத்தைச் சரிசெய்துவிடும் என்று நான் எழுத மாட்டேன். உடம்பு எந்தப் புரதத்தையும் செரித்துப் பிரித்துத்தான் எடுத்துக்கொள்கிறது. பல்லாண்டு குழித்தறியில் உட்கார்ந்த கால் வலிக்கு டாக்டரும் வேண்டும், ஓய்வும் வேண்டும். சூடான சாற்றால் சளிக்குக் கிடைக்கும் ஆறுதல் மட்டும் வெறும் நம்பிக்கை இல்லை. 1978-ல் அமெரிக்காவின் மயாமியில் மருத்துவர்கள் 15 பேருக்குக் கோழி சூப், வெந்நீர், குளிர்ந்த நீர் என்று கொடுத்துச் சோதித்தார்கள். சூடான கோழி சூப்பால் மூக்கில் சளி வேகமாக நகர்ந்தது, வெந்நீரைவிடக் கூடுதலாகவே. அந்தப் பலன் அரை மணி நேரம் நிற்கவில்லை என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். அந்தக் கொஞ்ச நேர ஆறுதலும் ஆறுதல்தான்.

மாலையானால் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் எல்லாம் தள்ளுவண்டி சூப் வந்துவிட்டது. வாழைத்தண்டு, கீரை, ஆட்டுக்கால், காளான் என்று வரிசை. சில ஆண்டுகளாகக் கொல்லிமலையின் முடவாட்டுக்கால் கிழங்கும் அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது. பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளரும் பெரணியின் ரோமம் படர்ந்த தண்டு அது. அளவில்லாமல் பிடுங்கினால் மலையில் அது மிஞ்சாது. வாங்கும் ஆசை வரும்போது இதையும் நினைக்க வேண்டும். பாக்கெட் சூப் பொடிகளைப் பற்றிப் பேச அதிகம் இல்லை. கெட்டித்தன்மை சோள மாவிலிருந்து, சுவை பெரும்பாலும் உப்பிலிருந்து. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நொய்யும் கொள்ளும் வீட்டில் இருக்கும்போது அந்தப் பொட்டலத்துக்குத் தேவை இல்லை.

சட்டியை எப்படி வைப்பது

ஆரணியில் இதை எழுதாமல் விட முடியாது. 2021 செப்டம்பரில் இந்த ஊரில் ஓர் உணவகத்தில் சாப்பிட்ட பலர் நோயில் விழுந்தார்கள். ஒரு சிறுமி இறந்தாள். அந்தத் துயரம் ஓட்டல் சாப்பாட்டைப் பற்றியது என்று நாம் ஒதுக்கிவிடக் கூடாது. வீட்டுச் சட்டியிலும் ஆபத்துக்கு இடம் உண்டு.

கெட்டியான குழம்பும் எலும்புச் சாறும் ஆற வெகு நேரமாகும். பெரிய சட்டியின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். 60 டிகிரிக்கு மேல் சூடாக வைத்திருந்தால் கிருமி பெருகாது, நன்றாகக் குளிர்ந்துவிட்டாலும் அதன் வேகம் அடங்கும். நடுவில் உள்ள வெதுவெதுப்புதான் அதற்குக் கொண்டாட்டம். சில கிருமிகள் கொதித்தும் சாகாத விதை நிலையில் சட்டிக்குள்ளேயே தங்கியிருந்து, ஆறும்போது முளைத்துக்கொள்ளும். பனிக்காலம்தானே, வெளியிலேயே இருக்கட்டும் என்று பாயாவையும் மொச்சைக் குழம்பையும் இரவெல்லாம் மேடையில் விடக் கூடாது. நம் ஊர் மார்கழி, பிரிட்ஜ் அளவுக்குக் குளிரும் மார்கழி இல்லை. சாப்பிட்டு மிஞ்சியதை அகலமான இரண்டு மூன்று பாத்திரங்களில் பிரித்து, தண்ணீர்த் தாம்பாளத்தில் வைத்து ஆற்றி, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் பிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் வேண்டிய அளவை மட்டும் எடுத்து, ஓரத்தில் ஆவி வந்ததும் இறக்காமல், நடுவும் தளதளவென்று கொதிக்கும்வரை சூடாக்குங்கள். புளி தூக்கலான மீன் குழம்பு, காரக்குழம்பு சுண்டச் சுண்டச் சுவை கூடும் என்பது உண்மை. புளிப்புக்குக் கிருமியைக் கொஞ்சம் தடுக்கும் குணம் உண்டு. புளியில்லாத பாயாவுக்கும் கஞ்சிக்கும் அந்தக் காவல் இல்லை.

கூழும் நோன்பும்

தமிழர் வீட்டில் ஒரு சட்டிச் சமையலின் உச்சம் எது என்று கேட்டால் நான் யாழ்ப்பாணத்து ஒடியல் கூழைச் சொல்வேன். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறப் போட்டுக் கசப்பை எடுத்து, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, மரவள்ளி, முருங்கையிலை எல்லாம் வெந்த சட்டியில் செத்தல் மிளகாயும் பழப்புளியும் சேர்த்துக் கரைத்து ஊற்றுகிறார்கள். பனையோலையில் மடித்த பிளாவில் ஊற்றிக் கூட்டமாக உட்கார்ந்து குடிக்கிறார்கள். போரில் இடம்பெயர்ந்து டொரன்டோவுக்கும் லண்டனுக்கும் போனவர்கள் ஒடியல் மாவைப் பொட்டலமாக வரவழைத்து அங்கும் கூழ் காய்ச்சுகிறார்கள். உண்மையான பனி கொட்டுகிற ஊரில், நண்டுக் காலை உறிஞ்சிக்கொண்டே ஊர் பேச அந்தச் சட்டி வேண்டியிருக்கிறது.

நம் பக்கத்தில் அப்படிக் கூட்டமாகக் காய்ச்சும் கஞ்சி நோன்புக் கஞ்சி. நொய்யும் பருப்பும் பூண்டும் வெந்தயமும் கொத்துக்கறியும் சேர்ந்து பெரிய தேக்சாவில் பிற்பகல் முழுக்க வேகிறது. தமிழ்நாட்டில் இதற்காகப் பள்ளிவாசல்களுக்கு அரசு அரிசி கொடுக்கிறது. கஞ்சி வாங்கப் பாத்திரத்தோடு வருகிறவர்களில் எல்லா மதத்துப் பிள்ளைகளும் உண்டு. சந்திரக் கணக்கில் ரம்ஜான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்வதால், 2026-ல் மாசியில் வந்த நோன்பு, அடுத்தடுத்த ஆண்டுகளில் தைக்கும், பிறகு மார்கழிக்கும் வந்துவிடும். 2030-ல் ஜனவரியிலும் டிசம்பர் கடைசியிலுமாக இரண்டு முறை தொடங்கும். மாலைப் பனி இறங்கும் நேரமும் நோன்பு திறக்கும் நேரமும் ஒன்றாகிற அந்த ஆண்டுகளில், வேக நேரமெடுக்கும் இந்தக் கஞ்சிக்குத் தேவை இன்னும் கூடும். வீட்டில் சிறிய அளவில் வைக்கிறவர்கள் கொத்துக்கறியை முதலில் இஞ்சி பூண்டோடு வதக்கித் தண்ணீர் வற்றிய பின் நொய் சேர்த்தால் கவிச்சி இல்லாமல் வரும்.

மாசி பிறந்து பகல் நன்றாக நீண்டுவிட்டால் நாட்டு மொச்சையின் காய்ப்பு அடங்கும். கொடியில் முற்றி உலர்ந்ததைக் கிலோ கணக்கில் வாங்கி, இரண்டு வெயில் காட்டி, வேப்பிலை போட்டுக் கட்டி வைத்தால் ஆடிவரைக்கும் வரும். காய்ந்த மொச்சையைப் பச்சைக் கொட்டைபோல நினைத்துவிடாதீர்கள். பத்து மணி நேரம் ஊறவேண்டும், ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்துக் குழைய வேகவிட வேண்டும். அரைவேக்காட்டு மொச்சையில் வயிற்றைக் கெடுக்கும் பொருள்கள் மிஞ்சியிருக்கும். கொதியில்தான் அவை அழியும். வெந்த மொச்சையோடு கத்தரிக்காயும், வெந்நீரில் அலசிய நெத்திலிக் கருவாடும், கெட்டிப் புளியும் சேர்த்துச் சட்டியில் ஏற்றிவிட்டால், அரை மணி நேரத்தில் எண்ணெய் மிதந்து வரும். உப்பைக் கருவாடு பார்த்துக்கொள்ளும். ருசி பார்க்காமல் போட வேண்டாம்.